ஆறு நாற்காலியில் ஒரே பெயர்

போனை எடுத்ததும் "யார் பேசறது?" என்று சிஸ்டம் அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. "எந்த நாற்காலி?" என்றுதான் கேட்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு அது தெரியாது. திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. சிஸ்டம் ரூமுக்குப் போன் செய்து என் பெயரைச் சொன்னேன், லேப் டெக்னீஷியன் என்றேன், ஊர் புத்தூர்ப் பக்கம் என்றுகூடச் சொல்லி வைத்தேன். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் நான் கேக்கலம்மா. எந்த நாற்காலியில குந்திகினு இருக்கிற?" என்றார். நான் குனிந்து பார்த்துவிட்டு, "கைப்பிடி ஒடைஞ்ச நாற்காலிக்கா" என்றேன். "ஆங், அதுவா? இரு" என்றார். இரண்டு நிமிடத்தில் திரை சரியாயிற்று.

திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். அக்காவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. சத்தியவேட்டுப் பக்கத்துத் தமிழ். புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார், படி ஏறி இறங்க வசதியாக. ஆஸ்பத்திரியின் மொத்தக் கம்ப்யூட்டர்களும் அவர் பொறுப்பு. தமிழர், தெலுங்கர் எல்லோருக்கும் அவர் சிஸ்டம் அக்காதான்.

அங்கே நூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர்கள் இருந்தன. வாங்கிய நாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ஃபார்மசி-3, பில்லிங்-5 என்று. அதற்குப் பிறகு பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று ஒருமுறை, கூரை ஒழுகுகிறது என்று ஒருமுறை, ஒரு டாக்டர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒருமுறை, கம்ப்யூட்டர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பெயரை மட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள். அவரவர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறப்போம். யார் பெயர் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது என்பதை அக்காவின் திரை காட்டிவிடும். அந்தக் கம்ப்யூட்டர் எந்த மேஜையில் இருக்கிறது என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

"இதை ஒரு பேப்பர்ல எழுதி வைக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டேன்.

"எழுதினா அன்னிக்கே பழசாயிடும். நடந்து பாத்தா புதுசா இருக்கும்."

அப்படித்தான் தினமும் காலையில் நாலு மாடியும் நடப்பார். எங்கள் லேபுக்கு வந்தால் "துன்னியா?" என்று சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார். கண் மட்டும் நாற்காலிகளின் மேல் இருக்கும். யார் எதில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு முதுகு கூசும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை அறையில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும்.

அவரை எங்களுக்குப் பிடிக்கும் என்று சொன்னால் அது பாதிப் பொய். பயம்தான் அதிகம். நிர்வாக அதிகாரி, நாங்கள் ஏ.ஓ. என்போம், காலை பத்து மணிக்கு அக்காவைக் கூப்பிட்டு, இன்னார் எங்கே, இன்னார் எங்கே என்று விசாரிப்பார். அக்கா பதில் சொல்வார். ஆனால் அது ஒரு தினுசான பதில். "அந்தப் பொண்ணு பேரு ரெண்டாம் மாடி பில்லிங்ல தெறந்திருக்குது சார்" என்பார். "அப்படின்னா அவ அங்க இருக்காளா?" என்று கேட்டால், "பேரு இருக்குது. ஆளு இருக்காளான்னு நான் பாக்கல" என்பார். ஏ.ஓ. மூச்சிரைக்க மாடி ஏறிப் போய்ப் பார்த்தால், நாற்காலியில் ஸ்வெட்டர் மட்டும் உட்கார்ந்திருக்கும்.

ஒருமுறை ஒரு நர்ஸின் கணவன் வந்து சிஸ்டம் ரூம் வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது. இவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள், உனக்குத் தெரியுமாமே, சொல்லு என்றான். நான் அப்போது உள்ளே இருந்தேன். "தெரியாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போய்விடுவான், சொல்லேன் அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அக்கா திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "தெரியும். சொல்லமாட்டேன்" என்றார். அவன் கதவை உதைத்தான். செக்யூரிட்டி வந்து இழுத்துக்கொண்டு போகும் வரை அக்கா பொய் சொல்லவும் இல்லை, இடத்தைச் சொல்லவும் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, லேபில் என் பெயரைத் திறந்து வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துத் திருச்சானூர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம், அதற்கு ஒரு வேண்டுதல். பாதி வழியில் செல்போன் அடித்தது.

"உன் பேரு நாப்பது நிமிஷமா சும்மா குந்திகினு இருக்குது. நீ எங்க இருக்கிற?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்து, "திருச்சானூர், திருச்சானூர்" என்று ஆள் கூப்பிட்டான்.

"செரி, கும்பிட்டுட்டு வா. ஏ.ஓ. கேட்டா சொல்லுவேன். கேக்கலன்னா சொல்லமாட்டேன்."

நல்லவேளை, ஏ.ஓ. கேட்கவில்லை. ஆனால் தாயார் சன்னிதியில் நின்றபோது வரனைப் பற்றி வேண்டிக்கொள்ள மறந்துவிட்டேன். ஏ.ஓ. கேட்கக் கூடாது என்றுதான் வேண்டினேன்.

இனி ஆயுத பூஜை. அதைச் சொல்வதற்கு முன்னால் என் கை ராசியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லேபுக்குப் பெரிய இயந்திரம் ஒன்று வந்தது. ரத்தக் குழாய்களை வரிசையாக அடுக்கி உள்ளே தள்ளினால், சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் அதுவே சோதித்துச் சொல்லும். நிறுவ வந்த இன்ஜினீயர் மூன்று முறை முயன்றும் அது கிளம்பவில்லை. நான் சும்மா ஒரு பட்டனைத் தட்டினேன், கிளம்பிவிட்டது. அன்றையிலிருந்து லேப் இன்சார்ஜ் சார், ரிட்டயர் ஆக ஓரிரு வருடம் இருந்த தெலுங்குக்காரர், "நீ செய்யி மஞ்சிதம்மா" என்று சொல்ல ஆரம்பித்தார். உன் கை நல்ல கை. காலையில் முதல் ஆளாக என் பெயரில்தான் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டும், அப்போதுதான் அன்றைக்கு எதுவும் மக்கர் பண்ணாது என்று ஆகிவிட்டது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

ஆயுத பூஜை அன்றைக்கு அது இன்னும் விசேஷம். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், பூ. கற்பூரம் காட்டியதும் நான் ஒவ்வொன்றிலும் என் பெயரைப் போட்டுத் திறப்பேன். சாயந்திரம் வரை மூடக் கூடாது, மூடினால் ராசி போய்விடும். அந்த வருடம் லேபில் நாலு, ரத்தம் எடுக்கும் மேஜையில் ஒன்று, சார் அறைக்குப் பின்னால் ஸ்டோரில் கிடந்த பழையது ஒன்று, ஆக மொத்தம் ஆறு.

காலை நடையில் வந்த அக்கா, ஆறையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "ஒரு பேரு ஆறு நாற்காலியில குந்திகினு இருந்தா அது இன்னா பேரும்மா?"

"சார் சொன்னாருக்கா. பூஜைக்கு."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார் அதற்குள் பொட்டலத்தில் சுண்டலை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெரிய இயந்திரத்துக்குப் பொட்டு வைத்ததும் என் கைதான். அதற்கு நெற்றி எது என்று தேடினேன். குழாய்களில் ஒட்டியிருக்கும் பார்கோடைப் படிக்க உள்ளே நகத்தளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு, சிவப்பு வெளிச்சம் வரும். அதுதான் முகம் மாதிரி இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அழுத்தி வைத்தேன்.

பத்தரை மணிக்கு, பிரசாதத் தட்டை எடுத்துக்கொண்டு ரிசப்ஷனுக்குக் கொடுக்கப் போனேன். பேச்சு சுவாரசியத்தில் அரைமணி ஓடிவிட்டது. பெண்கள் வார்டு சிஸ்டர் செல்போனில் கூப்பிட்டாள். நகரிக்காரி, என் தோழி.

"ஏய், ஒம்போதாம் பெட்டுக்கு சுகர் நானூத்தி இருவத்தாறுன்னு அனுப்பியிருக்கிற. டாக்டர் இன்சுலின் போடச் சொல்லிட்டாரு, ஊசியக் கையில வச்சிகினு நிக்கறேன். ஆனா அந்தம்மாவுக்கு வேர்த்து ஊத்துது, கை நடுங்குது. விரல்ல குத்திப் பார்த்தா அம்பத்தெட்டு காட்டுது. எது நெசம்?"

"நான் எதுவும் அனுப்பலியே!"

"உன் பேருதான் போட்டிருக்குது."

ஐம்பத்தெட்டுக்கு இறங்கிக் கிடக்கும் சர்க்கரையை இன்சுலின் இன்னும் இறக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. "போடாதே" என்று கத்திவிட்டு லேபுக்கு ஓடினேன். திரையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. சந்தனம் அப்பிய கண்ணாடியால் பார்கோடைப் படிக்க முடியவில்லை. இயந்திரம் குழாய் நின்ற வரிசையை வைத்து, முதல் குழாய் முதல் ஆளுடையது, இரண்டாவது இரண்டாம் ஆளுடையது என்று தானாகவே பெயர் போட்டுக்கொண்டிருந்தது. பூஜைக்காகக் குழாய்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு மறுபடி அடுக்கியதில் வரிசையோ மாறிப் போயிருந்தது. ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில், பெயரைச் சரிபார்க்கச் சொல்லி அதுவும் மஞ்சள் குறி போட்டுத்தான் இருந்தது. குறியைப் பார்த்து நிறுத்த வேண்டியது ஆள் வேலை. யாரோ பார்க்காமலே ஒப்புதல் கொடுத்து வார்டுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், என் பெயரில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு போயிற்று. லேபின் நாலு நாற்காலியிலும் ஆள் இல்லை. ரத்தம் எடுக்கும் மேஜையிலும் இல்லை. ஸ்டோரில் கிடந்த பழையது என் நினைப்பிலேயே இல்லை.

முதல் மாடிக்கு ஓடினேன். அங்கே இரண்டாம் மாடிக்குப் போகும் படிக்கு அடியில்தான் சிஸ்டம் ரூம். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. என் பெயரைத் தட்டினார். திரையில் ஆறு வரிகள் வந்தன. ஒவ்வொரு வரியின் கடைசியிலும், எத்தனை நிமிடமாக யாரும் கை வைக்கவில்லை என்ற கணக்கு.

"அஞ்சு தூங்குது. ஒண்ணு முழிச்சிகினு இருக்குது."

முழித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் பெயர் ஃபார்மசி-3.

"என் பேரைக் கழட்டுங்கக்கா! இங்கிருந்தே கழட்டலாமில்ல?"

"கழட்டலாம்." விரல் பட்டனுக்கு மேலே நின்றது. "ஆனா கழட்டமாட்டேன். முன்ன ஒரு ஆஸ்பத்திரியில, மேல இருந்து சொன்னாங்கன்னு இப்பிடித்தான் ஒருத்தரைக் கழட்டினேன். அந்த நாற்காலியில ஒரு டாக்டரம்மா கொழந்தைக்கு மருந்து அளவைத் திருத்திகினு இருந்தாங்க. பாதி திருத்தம் நின்னு போச்சு. இப்பவும் யாராச்சும் தப்பைப் பார்த்துத் திருத்திகினு இருந்தா?"

எனக்கு அவர் கையைப் பிடித்து அந்தப் பட்டனில் அமுக்க வேண்டும் போலிருந்தது. வார்டுகளில் ஊசியோடு நிற்கிறார்கள், இந்தம்மா நாற்காலிக் கதை பேசுகிறாளே என்று ஆத்திரம் வந்தது.

அக்கா போனை என் பக்கம் தள்ளினார். "வார்டு வார்டா போன் பண்ணு. பத்தரைக்கு மேல வந்த லேப் ரிப்போர்ட் எதையும் நம்பாதீங்கன்னு சொல்லு. உன் பேரைச் சொல்லியே சொல்லு." ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டே முணுமுணுத்தார். "ஃபார்மசி மூணு... பெயிண்ட் அடிச்சப்ப பல் டாக்டருக்குப் போச்சு, அவரு போனப்புறம் லேபுக்கு..." அதற்குள் படியில் அவர் ஓடும் சத்தம் கேட்டது.

ஏழு வார்டுகள். "லேப்ல இருந்து நான்தான் பேசறேன். என் பேர்ல வந்த ரிப்போர்ட்டை நம்பாதீங்க" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். இதைவிட ஒரு வெட்கக்கேட்டை வாயால் சொன்னதில்லை. மூன்று வார்டில் இன்னும் எந்த மருந்தும் தரவில்லை என்றார்கள். நாலாவது ஆண்கள் வார்டு. அங்கே இருந்த சிஸ்டர் என்னை முடிக்க விடவில்லை.

"ஏழாம் பெட்டுக்கு இப்பத்தான் இன்சுலின் போட்டேன்" என்றாள்.

ரிசீவரை மேஜையில் போட்டுவிட்டு அவள் ஓடும் சத்தம் கேட்டது. குளுக்கோஸ், குளுக்கோஸ் என்று யாரோ கத்தினார்கள். நான் என் செல்போனில் மற்ற மூன்று வார்டுகளையும் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டே, இந்த ரிசீவரை இன்னொரு காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண் அக்காவின் திரையில் இருந்தது. ஃபார்மசி-3 இன்னும் முழித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு அதன் கடைசியில் ஒரு நிமிடம் என்று வந்தது. யாரோ மவுஸிலிருந்து கையை எடுத்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் அந்த வரியே காணாமல் போயிற்று. திரையில் என் பெயர் ஐந்து இடத்தில் மிச்சம் இருந்தது.

அக்கா திரும்பி வந்தார்.

"யாருக்கா?"

"கேப்பாங்க. அப்ப சொல்றேன்."

ஏழாம் பெட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். மதியம் அந்த சிஸ்டரே கூப்பிட்டு, "அன்னம் அடுகுதுன்னாரு" என்றாள். சோறு கேட்கிறாராம். அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் படிக்கட்டில் உட்கார்ந்து விம்மி அழுதேன்.

மூன்று மணிக்கு ஏ.ஓ. அறையில் விசாரணை. இன்சார்ஜ் சார், நான், அக்கா. எல்லாம் தெலுங்கில் நடந்தது. லாகின் இந்தப் பெண்ணுடையது, ஒப்புதலும் இவள் பெயரில், எனக்கு ஒன்றும் தெரியாது, நான் பூஜையில் இருந்தேன் என்றார் சார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வீட்டில் விசேஷம் என்றால் எங்களுக்குத் தனியாக டப்பாவில் கொண்டுவந்து தருகிறவர். ஆனால் அன்றைக்கு என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஏ.ஓ. அக்காவிடம் கேட்டார், "எந்தக் கம்ப்யூட்டர்?"

"ஃபார்மசி-3. லேப் சார் அறைக்குப் பின்னால இருக்கற ஸ்டோர்ல இருக்குது."

"யார் இருந்தது?"

பேரு இருக்குது, ஆளைப் பாக்கல என்று அக்கா சொல்லிவிட்டால் நான் தீர்ந்தேன்.

"சார்தான். நான் போய்ப் பார்த்தேன். இடது கையில சுண்டல் பொட்டலம், வலது கையில மவுஸ். டைரக்டர் பூஜைக்கு வர்றதுக்குள்ள ஒப்புதலுக்கு நிக்கிற பெண்டிங் லிஸ்ட் காலியாகணும்னு மொத்தமா தட்டிகினு இருந்தேன்னு அவரே என்கிட்ட சொன்னாரு. நான் சொன்னப்புறம் அவரே மூடினாரு."

சார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது.

"வேற ஏதாவது உண்டா?" என்றார் ஏ.ஓ. ஃபைலை மூடிக்கொண்டே, பேச்சுக்குக் கேட்பது போல.

அக்காவிடம் யாரும் பேச்சுக்குக் கேட்கக் கூடாது.

"உண்டு சார். ஆறு இடத்துல பேரைத் தெறந்து வச்சது இந்தப் பொண்ணு. அந்தக் கண்ணாடி மேல சந்தனம் வச்சதும் இவதான். விரல் தடம் அப்படியே இருக்குது, போய்ப் பாருங்க." நிறுத்தி, என் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார். "ஆறும் தெறந்திருக்கறதைக் காலையில நான் பார்த்தேன். மூடச் சொல்லல. சுண்டலை வாங்கிகினு போயிட்டேன். அதையும் எழுதிக்குங்க."

ஏ.ஓ. முதல் இரண்டையும் எழுதினார். மூன்றாவதை எழுதவில்லை. அக்கா இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி ஒரு நாள் ஓடாது என்று அவருக்குத் தெரியும். அக்கா மேஜையில் இருந்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, தானே எழுதி, கையெழுத்துப் போட்டு அவர் முன்னால் வைத்தார். அது எந்த டிராயரில் போய்த் தூங்கியதோ.

சாருக்கு ஒரு மெமோ. எனக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை.

அந்த இரண்டு வாரமும் நான் அக்காவோடு பேசவில்லை. உண்மை பேசுகிற திமிர் என்று லேபில் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையைப் பாதியில் நிறுத்தியிருந்தால் யார் குடி முழுகிப் போயிருக்கும் என்று ராத்திரியில் பல்லைக் கடித்தேன். இப்போது சித்தூரில் ஒரு சின்ன லேபில் இருக்கிறேன். கழுத்தில் தாலி ஏறியிருக்கிறது, கோபம் ஆறியிருக்கிறது. குழாயில் இருக்கும் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் ஒப்புதல் பட்டனைத் தொடுகிறேன். ஏழாம் பெட்டுக்காரருக்கு நான் பதில் சொல்ல வேண்டியவள்தான் என்று, என்னையும் ஒரு ஆளாக மதித்து அன்றைக்குச் சொன்ன ஒரே ஆள் அக்கா. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று.

கடைசி நாள் சாயந்திரம், கைப்பிடி ஒடிந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுப் போகிறவர்களின் பெயரை அழித்துவிடுவார்கள். அதை மேலே இருந்தபடியே ஒரு தட்டுத் தட்டிச் செய்யலாம். அக்கா படி இறங்கி வந்தார். நாற்காலியைப் பார்த்தார்.

"துன்னியா?"

நான் டிபன் டப்பாவைப் பைக்குள் திணித்தேன்.

"நீயே மூடு" என்றார். "நான் கழட்டமாட்டேன்."

அவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, என் பெயரை நானே மூடினேன். அக்கா திரும்பிப் படி ஏறிப் போனார். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேஜைப் போன் அடித்தது.

"நாற்காலி காலியாச்சா?"

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். எழுந்து நின்று, நாற்காலியைத் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"ஆச்சுக்கா."